மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்

காவிரி பாயும் சோழ வளநாட்டில், கும்பகோணத்தை அடுத்து வலங்கைமான் என்னும் ஊர் உளது. அவ்வூரில் 1869ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் சீனிவாச சாஸ்திரியார் பிறந்தார். அதற்குப் பத்து நாள் கழித்துக் கூர்ச்சர நாட்டில் காந்தியடிகள் பிறந்தார். சாஸ்திரியாரின் தந்தையார் வேதம் ஓதி வாழ்ந்த வைதிகர், கல்விச் செல்வம் உடையவர், பொருட்செல்வம் இல்லாதவர்.

சாஸ்திரியார் கும்பகோணத்து நேட்டிவ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். தமிழ் அவருக்கு வீட்டு மொழி. வடமொழி தந்தையார் வழி வந்த செல்வம். ஆங்கிலமோ பள்ளியில் முயன்று பெற வேண்டிய மொழியாயிற்று.

அயல்மொழி இலக்கணம் எளிதில் கைவருவதன்று. தமிழில் வினைமுற்றுத் தொடரின் இறுதியில் நின்று பொருளை முடிக்கும். ஆங்கிலத்தில் அஃது எழுவாயை அடுத்து நிற்க, செயப்படுபொருள் அதன் பின் வரும். தமிழில் வேற்றுமையுருபு பெயரின் பின் ஒட்டும். ஆங்கிலத்தில் அப்பணியைச் செய்யும் சிறு சொற்கள் பெயரின் முன் நிற்கும். 'ஏ', 'ஆன்', 'தி' என்பன எங்கே வரும், எங்கே வாரா என்பதும் தமிழ் மாணவனுக்குச் செவிப்பழக்கத்தால் விளங்குவதில்லை. ஆங்கிலக் குழந்தை தாய்மடியில் கேட்டே அறிவதை, இவன் விதியாகக் கற்று, நல்லோர் நூல்களில் கண்டு, எழுதித் திருத்தி அறிதல் வேண்டும். இக்கடினமான துறையில் சாஸ்திரியார் தளராது முயன்றார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் சிறந்து தேறிப் பட்டம் பெற்றார்.

பின்னர் அவர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். சேலத்தில் கற்பித்தார், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராய் விளங்கினார். சொல்லின் பொருளிலும் ஒலியிலும் தொடரின் அமைப்பிலும் சிறு பிழையையும் பொறாதவர் எனப் பெயர் பெற்றார். ஆயினும் அப்புலமையைக் கொண்டு பொருளீட்ட அவர் எண்ணினாரல்லர். 1907ஆம் ஆண்டில், கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்து, எளிய வாழ்வையும் நாட்டுத் தொண்டையும் ஏற்றார். கோகலே 1915இல் மறைந்தபின், அச்சங்கத்தின் தலைமை அவரைச் சார்ந்தது.

வகுப்பறையில் வளர்ந்த மொழித்திறம் உலக அவைகளிற் பயன்பட்டது. 1921இல் இலண்டனில் கூடிய பேரரசு மாநாட்டில் அவர் இந்தியாவின் சார்பில் பேசினார். அவ்வாண்டே மன்னரின் ஆலோசனைச் சபையில் உறுப்பினராகி, மகாகனம் என்னும் அடைமொழி பெற்றார். 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று, ஆங்கு வாழ்ந்த இந்தியரின் உரிமைக்காக வாதாடினார். ஆங்கிலத்தைப் பிறப்பால் உடையவர்களே அவர்தம் பேச்சைக் கேட்டு வியந்து, வெள்ளி நாவினர் எனப் போற்றினர். 1927இல் இந்திய அரசின் முதல் முகவராகத் தென்னாப்பிரிக்கா சென்றார். கரும்புத் தோட்டங்களிற் கூலிகளாய்ச் சென்றோரின் வழித்தோன்றல்கள் கல்வி பெற வழியின்றி வருந்துவதை ஆங்குக் கண்டார். அவர்தம் முயற்சியால் இந்திய மக்கள் பொருள் திரட்ட, 1929இல் டர்பன் நகரில் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டது.

காந்தியடிகளுக்கும் அவருக்கும் நெருங்கிய நட்பு இருந்தது. அரசியற் கொள்கையிலோ வேற்றுமை இருந்தது. ஒத்துழையாமை இயக்கத்தைச் சாஸ்திரியார் வெளிப்படையாகவே மறுத்தார். அதனால் தம் நாட்டார் பலருடைய கடுஞ்சொல்லுக்கு ஆளானார். எனினும் நட்பு முறியவில்லை. கூர்ச்சர மொழியில் காந்தியடிகள் எழுதிய தன் வரலாற்றை மகாதேவ தேசாய் ஆங்கிலமாக்கினார். அதன் மறுபதிப்பு 1940இல் வெளிவருமுன், மொழிநடையைத் திருத்த வல்லார் ஒருவர் தேவைப்பட்டனர். சாஸ்திரியார் அப்பணியை ஏற்றார். ஆனால், தம் பெயரை எக்காரணத்தாலும் வெளியிடலாகாது என்று நிபந்தனை விதித்தார். முன்னுரை எழுதிய தேசாய், மதிப்பிற்குரிய நண்பர் ஒருவர் திருத்தினார் என்றளவே குறித்தார். அந்நண்பர் யார் என்பதைப் பின்னரே உலகம் அறிந்தது.

உலகப் புகழ் பெற்ற நாவலர், வேறொருவர் நூலைத் தொடர் தொடராகப் படித்து, சொல்லையும் தொடரையும் செப்பம் செய்தார். அதுவும் தாம் ஒவ்வாத கொள்கையுடைய தலைவரின் நூலை. அதன் பயனாகப் புகழையும் வேண்டினாரல்லர். இதனினும் அரிய செயல் யாது?

1946ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சாஸ்திரியார் சென்னையில் மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தபோது, காந்தியடிகள் நேரிற் சென்று அவரைக் கண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார்.

இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. பிறர் கருத்தைப் பழுதின்றி உணரவும், தம் கருத்தைத் திரிபின்றி உணர்த்தவும் அது துணை செய்யும். எம்மொழி இலக்கணத்தைக் கற்பினும் பிழையறக் கற்று, அத்திறத்தைப் பிறர்க்குப் பயன்படுத்துதல் மாணவர் கடனாகும். அந்நெறிக்குச் சாஸ்திரியார் வாழ்வே சான்று.