முருகன் கொடுத்த வேட்டைப் பிள்ளை: கண்ணப்பர் கற்ற காட்டுப் படிப்பு

ஓம் சரவணபவ!



ஊரப்பாக்கம், வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம் இருக்கிற நம்ம அடியார்கள் பல பேர் குன்றத்தூர் மலைக்குப் போய் முருகனைத் தரிசனம் பண்ணிட்டு வருவாங்க. அந்தக் குன்றத்தூர்ல பிறந்தவர்தான் சேக்கிழார் பெருமான். 12-ம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், 63 நாயன்மார்களின் வரலாற்றையும் பெரிய புராணமாகப் பாடியவர். அதில் ஒரு நாயனாரின் பிறப்பே நம்ம முருகன் போட்ட பிச்சை. அவர்தான் கண்ணப்ப நாயனார்.

கண்ணைக் கொடுத்தவர் கண்ணப்பர்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா அவர் காட்டில் என்ன படிச்சார், அந்தப் படிப்பு கடைசியில் எப்படிப் பூஜையாக மாறியது என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. சேக்கிழார் வழியில் அதை இன்னைக்குப் பார்ப்போம்.

முருகன் தந்த வரம்

பொத்தப்பி நாட்டில் உடுப்பூர் என்று ஒரு வேடர் ஊர். அதன் தலைவன் நாகன். அவன் மனைவி தத்தை. ரொம்ப நாளாகப் பிள்ளை இல்லை. இரண்டு பேரும் முருகன் சந்நிதியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சேவலும் மயிலும் காணிக்கையாக விட்டார்கள், வெறியாட்டு எடுத்தார்கள். முருகன் அருளால் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. கையில் தூக்கினால் திண்ணென்று கனமாக இருந்ததால் நாகன் திண்ணன் என்று பேர் வைத்தான்.

காட்டுப் பள்ளிக்கூடம்

வில் பிடிக்கிற வயசு வந்ததும் நாகன் சுற்றுவட்டார வேடர் தலைவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பி, வில்விழா எடுத்தான். நம்ம வீட்டில் பிள்ளைக்கு நெல்லில் அரிச்சுவடி எழுத வைப்போமே, அந்த மாதிரி அங்கே வில்லைக் கையில் கொடுத்தார்கள். ஆசிரியர்களை வைத்து நாள்தோறும் பயிற்சி. 16 வயதுக்குள் திண்ணனார் படைத்தொழில் முழுவதும் கற்றுத் தேர்ந்துவிட்டார்.

வில், அம்பு, ஈட்டி, சுரிகை. சுரிகை என்றால் இடுப்பில் செருகும் உடைவாள். இதை வைத்துக்கொண்டு மிருகத்தைப் பிடிக்கணும்னா கைபலம் மட்டும் பத்தாதுங்க. அம்பு போகிற தூரம் கொஞ்சம்தான். மிருகத்துக்குக் கிட்டே போனால்தான் வேலை நடக்கும். கிட்டே போகணும்னா தரையில் கிடக்கிற காலடியைப் படிக்கணும். காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்க்கணும். சத்தமில்லாமல் காலை வைக்கணும். மணிக்கணக்காகப் பொறுமையா இருக்கணும்.

திண்ணனார் தனியாக வேட்டையாடிய முறையையும் சேக்கிழார் சொல்கிறார். கலைமானின் குரலைப் போலவே குரல் கொடுத்து அதை வரவழைப்பார். மரைகளின் அடிச்சுவட்டைப் பின்பற்றிப் போய், அவை படுத்துத் தூங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார். குன்றத்தூரில் பிறந்து அரசவையில் அமைச்சராக இருந்த ஒருவர் வேட்டைக் கலையை இவ்வளவு நுணுக்கமாகப் பாடியிருக்கிறார் பாருங்க!

வேட்டையிலும் ஒரு தர்மம்

நாகனுக்கு வயதாகிவிட்டது. காட்டு மிருகங்கள் புனங்களை அழிக்கின்றன என்று வேடர்கள் வந்து முறையிட்டார்கள். நாகன் தலைமையை மகனிடம் ஒப்படைத்தான். தேவராட்டி வந்து ஆசி கூறினாள். திண்ணனார் முதல் வேட்டைக்குப் புறப்பட்டார். காட்டில் நெடுந்தூரத்துக்கு வலை கட்டி, நாய்களை அவிழ்த்துவிட்டு, மிருகங்களைக் கலைத்தார்கள்.

அந்த ஆரவாரத்திலும் வேடர்கள் ஒரு கட்டுப்பாட்டை மீறவில்லை. யானைக்கன்றுகளைத் துரத்தவில்லை. சின்னக் குட்டிகளைக் கொல்லவில்லை. சினையாக இருந்து தளர்ந்து நடந்த பெண்மான்களைத் துன்புறுத்தவில்லை. காடு நாளைக்கும் வேணும், நம்ம பிள்ளைகளுக்கும் வேணும் என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது.

அப்போது ஒரு காட்டுப்பன்றி வலையை அறுத்துக்கொண்டு ஓடியது. திண்ணனார் விடாமல் பின்தொடர்ந்தார். அவர் வேகத்துக்கு நாணன், காடன் என்ற இரண்டு பேரால்தான் ஈடுகொடுக்க முடிந்தது. வெகுதூரம் ஓடிக் களைத்து, மலையடிவாரத்து மரநிழலில் பன்றி நின்றது. திண்ணனார் அம்பை எடுக்கவில்லை. நெருங்கிப் போய்ச் சுரிகையால் வெட்டிச் சாய்த்தார். அந்தப் பன்றி அவரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்த இடம் எது தெரியுமா? பொன்முகலி ஆற்றங்கரை. எதிரே திருக்காளத்தி மலை. இன்றைக்கு ஆந்திராவில் இருக்கிற ஸ்ரீகாளஹஸ்திதான் அது.

படித்ததெல்லாம் பூஜையானது

மலையேறிக் குடுமித்தேவரைப் பார்த்ததும் திண்ணனார் ஓடிப் போய்க் கட்டித் தழுவிக்கொண்டார். அவருக்கு மந்திரம் தெரியாது, ஆகமம் தெரியாது. தெரிந்தது வேட்டை ஒன்றுதான். அந்த வேட்டைப் படிப்பை அப்படியே எடுத்து சுவாமிக்குக் கொடுத்தார்.

இறைச்சியை அம்பில் கோத்து நெருப்பில் வாட்டி, பதம் பார்த்து, நல்ல துண்டுகளைத் தேக்கிலைத் தொன்னையில் வைத்தார். இரண்டு கையும் நிறைந்துவிட்டதால் ஆற்றுத் தண்ணீரை வாயிலும், பூவைத் தலைமுடியிலும் கொண்டு வந்தார். வேடன் இரவில் விழித்திருந்து பழகியவன். சுவாமி தனியாக இருக்கிறாரே, மிருகம் ஏதாவது வந்துவிடுமே என்று வில்லோடு விடிய விடியக் காவல் நின்றார்.

முறைப்படி பூஜை செய்யும் சிவகோசரியார் காலையில் வந்து பார்த்துப் பதறிப்போனார். எல்லாவற்றையும் சுத்தம் செய்து மறுபடி பூஜை செய்தார். இப்படியே ஐந்து நாள் போயிற்று. மனம் நொந்த சிவகோசரியாரின் கனவில் இறைவன் வந்து, மறைந்திருந்து பார்க்கும்படி கட்டளையிட்டார்.

ஆறாம் நாள். சுவாமியின் வலது கண்ணில் ரத்தம். திண்ணனார் முதலில் என்ன செய்தார் தெரியுமா? இதைச் செய்தது யார், மனுஷனா மிருகமா என்று வில்லோடு சுற்றிலும் தேடினார். யாரும் இல்லை. அடுத்து, வேடர்கள் காயத்துக்குப் போடும் பச்சிலைகளைப் பறித்து வந்து பிழிந்தார். நிற்கவில்லை. ஊனுக்கு ஊனே மருந்து என்று தன் குலத்தார் சொல்வது நினைவுக்கு வந்தது. அம்பாலேயே தன் வலது கண்ணை எடுத்து அப்பினார். ரத்தம் நின்றது. சந்தோஷத்தில் கூத்தாடினார்.

இப்போது இடது கண்ணிலும் ரத்தம். மருந்துதான் தெரியுமே! ஆனா தன் இன்னொரு கண்ணையும் எடுத்துவிட்டால், சுவாமியின் கண் எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்? காட்டில் அடையாளம் வைத்து வழி கண்டுபிடித்துப் பழகியவர் அவர். சட்டென்று தன் காலைச் சுவாமியின் கண்மேல் ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டார். அம்பை எடுத்தார். அதற்கு மேல் இறைவன் பொறுக்கவில்லை. கண்ணப்பன் என்று மூன்று முறை பேர் சொல்லித் தடுத்து, கையைப் பிடித்துத் தன் வலப்பக்கத்திலேயே இருத்திக்கொண்டார். சாஸ்திரம் படித்த சிவகோசரியார் ஒளிந்து நின்று கற்றுக்கொண்டது, காட்டில் படித்த இந்த வேடரிடம்தான்.

நாம் கற்க வேண்டியது

நம்ம வள்ளியம்மை வளர்ந்ததும் வேடர் தலைவன் வீட்டில்தானே? அவளைத் தேடி நம்ம முருகன் வந்ததும் வேடன் கோலத்தில்தானே?

வேட்டை நம்ம மண்ணுக்கும் புதுசில்லை. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் நம்ம பக்கத்துப் பல்லாவரத்தில்தான் கற்கால மனிதனின் கல் கருவியைக் கண்டெடுத்தார். காலடி படிக்கிற கலையும் இங்கே இன்னும் சாகவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் மக்கள் மண்ணில் உள்ள தடத்தைப் பார்த்தே பாம்பு எந்த வளையில் இருக்கிறதென்று சொல்லிவிடுவார்கள். கையில் ஒரு கடப்பாரை போதும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது அவர்கள் பிழைப்பு போயிற்று. அதே கலையை வைத்து 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பின் விஷத்தை எடுத்துவிட்டு, பாம்பைக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. இந்த மாவட்டத்து வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்படிப்பட்டவர்கள் கோயில் வாசலில் ஒதுங்கி நின்றால், நாம் கண்ணப்பர் கதையைப் படித்து என்ன பயன், சொல்லுங்க? அவர்களை முன்னால் கூப்பிட்டுத் தரிசனம் செய்ய வைப்பதும், பக்கத்தில் உட்காரவைத்துப் பிரசாதம் கொடுப்பதும் முருகனுக்குச் செய்யும் பூஜைதான்.

கண்ணப்பர் குருபூஜை தை மாதம் மிருகசீரிட நட்சத்திரத்தில் வரும். அன்றைக்கு அவர் கதையை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவரவர் கற்ற தொழில் எதுவானாலும், அதையே முழு மனசோடு சுவாமிக்குக் கொடுத்தால் அவர் ஏற்றுக்கொள்வார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படித்த அன்பர்கள் மற்ற அடியார்களுக்கும் பகிருங்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!