காரைக்கால் அம்மையார்

என் விடுதித் தோழி சோற்றை ஒதுக்கத் தொடங்கி ஒரு தவணை ஆகிறது. இவ்வளவு குண்டாக இருந்தால் யார் கட்டிக்கொள்வார் என்று உறவினர் கேட்டார்களாம். பினாங்கில் நாசி கண்டார் கடைக்குப் போனாலும் அவள் முன்னால் தே-ஓ மட்டுமே இருக்கும். அவளைப் பார்க்கையில் எனக்கு அம்மையாரின் நினைவு வரும்.

அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள். கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரு மாங்கனிகளில் ஒன்றை, பசியோடு வந்த சிவனடியாருக்குச் சோற்றுடன் படைத்தார். கணவன் இன்னொரு கனியையும் கேட்டபோது, இறையருளால் ஒன்று கைக்கு வந்தது. அதை அறிந்து அஞ்சிய அவன் கப்பலேறிப் போய், பின்னர் பாண்டிய நாட்டில் வேறு பெண்ணை மணந்தான். மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான்! உறவினர் அம்மையாரை அங்கே அழைத்துச் சென்றபோது காலில் விழுந்தான். அவனுக்காகச் சுமந்த தசை இனி வேண்டாம் என இறைவனிடம் வேண்டி, அம்மையார் பேயுருவம் பெற்றார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வரலாறு இது. சோழர் காலச் செப்புச் சிலைகளில் எலும்பு தெரிய, கையில் தாளத்துடன் அமர்ந்திருக்கிறார்.

இத்தாலியின் சியன்னா நகரக் கத்தரீன், உணவைக் குறைத்துக்கொண்டே போய் 1380இல் 33 வயதில் இறந்தார். அவருடைய நோன்பை இன்றைய அனோரெக்சியா நோயோடு ஒப்பிடும் ஆய்வாளர்கள் உண்டு. அம்மையாரை அந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனமில்லை. அவர் பட்டினி கிடந்து மெலிந்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. ஊரார் கண்ணுக்கான அழகு தேவையில்லை என்றுதான் உதறினார். என் தோழி மெலிவதோ அதே கண்ணுக்குப் பிடிப்பதற்காக.

மருத்துவரைப் பார்க்க முதலில் மறுத்தாள். நான் கூட வந்தால் வருவதாக இப்போது சொல்லியிருக்கிறாள்.