ஹீலியத்தைத் தொடாமலே அதன் புதிருக்கு வழிகாட்டியவர்: யார் இந்த சத்யேந்திரநாத் போஸ்?

ஹீலியம் வாயுவை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் திரவமாகும். மைனஸ் 271-ஐ நெருங்கினால் கதையே வேறு. மற்ற திரவங்கள் புக முடியாத நுண்துளைகளிலும் தடையில்லாமல் ஓடும். கிண்ணத்தின் சுவரேறி வெளியே வழியும். இதுதான் 'சூப்பர்ஃப்ளூயிட்', அதாவது மீப்பாய்மம்.

இதைப் புரிந்துகொள்ள உதவிய கணக்கைப் போட்டவர், டாக்டர் பட்டம் பெறாத ஒரு பல்கலைக்கழக ஆசிரியர். அதுவும் ஹீலியத்துக்காக இல்லை, ஒளிக்காக.

யார் இவர்?

1894 ஜனவரி 1-ம் தேதி கொல்கத்தாவில் ஒரு ரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்தார் போஸ். 1915-ல் எம்.எஸ்சி. தேர்வில் முதலிடம். 1921-ல் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்தார்.

என்ன கணக்கு அது?

இரண்டு பெட்டிகள், இரண்டு பந்துகள். பந்துகளை அடையாளம் காண முடிந்தால், அவற்றை 4 விதமாக வைக்கலாம். 2 விதங்களில் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும். வாய்ப்பு 50%. எது எந்தப் பந்து என்றே பிரிக்க முடியாவிட்டால்? மொத்தம் 3 விதம்தான். ஒரே பெட்டியில் இருக்கும் வாய்ப்பு 67% ஆகிவிடும். ஒளித்துகள்களை போஸ் இப்படித்தான் எண்ணினார். அவை கூட்டம் சேர விரும்புபவை என்பது அதில் தெரிந்தது.

பிரிட்டன் இதழ் ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரை வெளிவரவில்லை. 1924 ஜூனில் அதை ஐன்ஸ்டீனுக்கே அனுப்பினார். ஐன்ஸ்டீன் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார். பிறகு அதே கணக்கை அணுக்களுக்கும் நீட்டினார்: கடுங்குளிரில் ஏராளமான அணுக்கள் ஒரே தாழ்நிலையில் குவிந்துவிடும். பல ஆண்டுகளுக்கு இது வெறும் காகிதக் கணக்காகவே பார்க்கப்பட்டது.

ஹீலியம் எங்கே வந்தது?

1938-ல் மாஸ்கோவில் கபிட்சாவும், கேம்பிரிட்ஜில் ஆலன், மைஸ்னரும் ஹீலியத்தின் மீப்பாய்மத் தன்மையை அறிவித்தார்கள். இதன் வேர் அந்தக் குவிதலில் இருக்கிறது என்று அதே ஆண்டு சொன்னவர் ஃபிரிட்ஸ் லண்டன். திரவ ஹீலியத்தில் அணுக்கள் ஒன்றையொன்று பாதிப்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அடிப்படை அதுதான். ஹீலியம்-3 இதற்குச் சாட்சி. அது போஸ் கணக்கில் வராத வகை. அதனால் அதன் அணுக்கள் ஜோடி சேர்ந்தால்தான் மீப்பாய்மமாகும். அதற்கு சுமார் ஆயிரம் மடங்கு தாழ்ந்த கெல்வின் வெப்பநிலை தேவைப்பட்டது. 1972-ல்தான் அது கண்டறியப்பட்டது.

இன்று ஜெனீவா அருகே 27 கி.மீ. சுற்றளவுள்ள துகள் மோதுவியின் காந்தங்களைக் குளிர்விப்பது இதே மீப்பாய்ம ஹீலியம்தான்.

போஸுக்கு 1954-ல் பத்ம விபூஷண் கிடைத்தது, நோபல் கிடைக்கவில்லை. 1974 பிப்ரவரி 4-ல் மறைந்தார். அவர் கணக்கு சொன்ன குவிதலை நீர்த்த வாயுவில் நேரடியாகக் காட்டியது 1995-ல். காட்டியவர்களுக்கு 2001-ல் நோபல். ஒளித்துகள், ஹீலியம்-4 என்று அந்த வகை முழுவதும் சுமப்பது அவர் பெயரை: போசான்.