இங்கிலீஷோடு நிறுத்திக்கொள்ளாத பாரதி!

இங்கிலீஷ் தெரியுமே, அப்புறம் எதுக்கு இன்னொரு மொழின்னு நினைக்கிறீங்களா? தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் மறைந்த தியாகி சுப்பிரமணிய சிவாவின் நண்பர், அவருடைய ‘ஞானபாநு’ இதழில் எழுதியவர் பாரதி. அவர் கதையைக் கேளுங்க.

1882-ல் எட்டயபுரத்தில் பிறந்தவர். திருநெல்வேலியில் இங்கிலீஷ் படித்தார். அப்பா இறந்ததும் காசிக்குப் போய் சம்ஸ்கிருதமும் இந்தியும் கற்றார். 1904-ல் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் அவருக்குக் கிடைத்த வேலையே இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்குவதுதான்.

1906-ல் ‘இந்தியா’ இதழுக்குப் பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று முழக்கங்களையே கொள்கையாக வைத்தார். 1908-ல் கைதாகாமல் தப்பி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். பத்து வருஷம் வறுமை, போதாக்குறைக்கு பிரிட்டிஷ் ஒற்றர்களின் கண்காணிப்பு. அதுக்கு நடுவிலும் பிரெஞ்சு கற்றார்.

அன்றைக்கு இங்கிலீஷில் வந்த சேதிகளில் பெரும்பாலானவை நம்மை ஆண்டவர்கள் சொன்னவை. இன்னொரு மொழி தெரிந்தால்தான் இன்னொரு தரப்பையும் நேரடியாகப் படிக்க முடியும். பிறநாட்டு நல்ல நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவரச் சொன்னவரும் அவர்தான். யாராவது அந்த மொழிகளைக் கற்றால்தானே அது நடக்கும்?

1921-ல் இறந்தபோது பாரதிக்கு வயசு 38. நமக்கு இன்னும் நேரம் இருக்கு. அடுத்த மொழி எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?