எந்த வெர்ஷன் சரி? ஓலைச்சுவடிகளோடு மல்லுக்கட்டிய உ.வே.சா.வின் கதை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடும் நண்பர்கள் உங்களுக்கு இருந்தால் இந்தச் சண்டையைக் கேட்டிருப்பீர்கள். 1974இல் வந்த விளையாட்டு அது. ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்கள். ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது, அதன் விதிநூல்கள் 2024இல் திருத்தப்பட்டன. எந்தப் பதிப்பு பெஸ்ட் என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அதில் ஒரு நிம்மதி உண்டு. ஒவ்வொரு பதிப்புக்கும் எண் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, பழைய புத்தகமும் எங்கேயாவது கிடைக்கும்.

அந்த நிம்மதி இல்லாமல், எண்ணும் ஆண்டும் இல்லாத நூறு வெர்ஷன்களுக்கு நடுவில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒருவர் காவிரிக் கரையில் இருந்தார். அவர்தான் உ.வே.சாமிநாதையர். தமிழ்த் தாத்தா என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார் என்பது தெரியும். சேர்த்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

யார் இவர்?

1855 பிப்ரவரி 19இல் பிறந்தார். சொந்த ஊர் கும்பகோணம் பக்கத்தில் உள்ள உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். வருமானம் நிலையில்லாத குடும்பம், அடிக்கடி ஊர் மாறினார்கள். மகனுக்கோ தமிழ் மேல் தீராத பிடிப்பு. 1871இல் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றியவர் அந்த ஆசிரியர்தான். திருவாவடுதுறை ஆதீனத்தில் படிப்பு தொடர்ந்தது. 1876இல் ஆசிரியர் மறைந்தார். 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவர் வகித்த தமிழாசிரியர் வேலை இவருக்குக் கிடைத்தது.

திருப்புமுனை எது?

அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீபைச் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று இவர் பெரிய பட்டியலே போட்டார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை எல்லாம் படித்ததுண்டா என்று கேட்டார். இவர் படித்ததில்லை. படிக்கலாம் என்றால் புத்தகமும் இல்லை. முதலியார் தன்னிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். அப்போது இவருக்கு வயது 25.

அதில் என்ன கஷ்டம்?

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. குறில், நெடில் வித்தியாசம் தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். ‘பொய்’ என்றும் படிக்கலாம், ‘போய்’ என்றும் படிக்கலாம். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டவும் மாட்டார்கள். இந்த ஓலையைத்தான் ஒருவர் பார்த்து இன்னொருவர் எழுதினார், அதைப் பார்த்து மற்றொருவர் எழுதினார். ஒவ்வொரு கையிலும் ஒரு சொல் மாறும், ஒரு வரி விழும். எல்லாம் ஒரே பெயரில்தான் இருக்கும். எது முந்தையது, எது திருத்தியது என்று சொல்ல ஆள் இல்லை.

உ.வே.சா. கண்டுபிடித்த வழி எளிது, ஆனால் முதுகை ஒடிப்பது. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் வேறு வேறு பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்து வருவார்கள். எங்கே மாறுகிறதோ அங்கே நிறுத்திக் குறித்துக்கொள்வார்கள். இப்படியே சிந்தாமணியின் 3,000க்கும் மேற்பட்ட பாட்டுகளும், நச்சினார்க்கினியர் உரையும்.

ஒப்பிட்டால் மட்டும் போதாது, புரியவும் வேண்டும். சிந்தாமணி ஜைன நூல், இவர் சைவ மடத்தில் படித்தவர். கும்பகோணத்தில் இருந்த ஜைனர்களைத் தேடிப் போய் அவர்களிடம் பொருள் கேட்டார். நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையை ஜைனர்கள் ஏற்கவில்லை, அவர் அவர்களிடமே பாடம் கேட்டு மறுபடி எழுதினார் என்று ஒரு செய்தி அவர்களிடம் வழங்கி வந்தது. சில பிரதிகளில் உரை ஏன் இரண்டு விதமாக இருக்கிறது என்பதற்கு அதில் ஒரு விடை இருந்தது. உரைக்கே ரெண்டு வெர்ஷன்!

எதிர்ப்பு இருந்ததா?

இருந்தது. சைவர் ஒருவர் ஜைன நூலை அச்சிடுவதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை அப்போது கும்பகோணத்தில் இருந்தார், பழைய நூல்களை ஏற்கனவே பதிப்பித்துப் பெயர் பெற்றவர். சிந்தாமணியைத் தானே வெளியிட விரும்பிக் கேட்டார். இவர் விட்டுக்கொடுக்கவில்லை. முன்பணம் தந்து கையெழுத்திட்டவர்கள் உதவியோடு 1887இல் சென்னையில் நூல் அச்சானது. வந்த பிறகும் பிழை சொல்லித் துண்டு நூல்கள் கிளம்பின.

அவர் நிற்கவில்லை. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று வரிசையாக வந்தன.

தாமதித்திருந்தால்?

படிக்க ஆள் இல்லாத வீடுகளில் ஏடுகள் கரையானுக்குப் போயின, ஆற்று வெள்ளத்திலும் விடப்பட்டன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குத் தேடிப் போனபோது, பழைய ஏடுகள் நெருப்பில் இடப்பட்டுவிட்டன என்ற பதில்தான் கிடைத்தது. ஒரு பிரதி போனால் ஒரு சாட்சி போன மாதிரி. பத்துப்பாட்டில் உள்ள குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறது. இவரிடம் இருந்த பிரதிகளில் மூன்று பூக்களின் பெயர் விடுபட்டிருந்தது. மாயவரம் பக்கத்துத் தருமபுரம் ஆதீனத்து ஏட்டில்தான் அவை கிடைத்தன. அந்த ஒரு ஏடும் கரையானுக்குப் போயிருந்தால் அந்த வரி நமக்கு முழுசாகக் கிடைத்திருக்குமா?

ஏன் இன்றும் முக்கியம்?

தனக்குச் சரி என்று பட்ட பாடத்தை மேலே அச்சிட்டார். மற்ற பிரதிகளில் உள்ள பாடத்தைத் தூக்கி எறியவில்லை. பிரதிபேதம் என்பதைச் சுருக்கி ‘பி-ம்.’ என்று போட்டுப் பக்கத்தின் அடியில் கொடுத்தார். தன் முடிவைச் சந்தேகப்பட வாசகருக்கே வழி வைத்த வேலை அது. தன் புத்தகத்தையும் முடிந்துபோனதாக நினைக்கவில்லை. சிந்தாமணியைத் திருத்தி 1907இல் இரண்டாம் பதிப்பும், 1922இல் மூன்றாம் பதிப்பும் கொண்டுவந்தார். முதல் பதிப்புக்கும் மூன்றாவதற்கும் நடுவில் 35 வருஷம்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார், 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். 82 வயதில்தான் குறுந்தொகையை வெளியிட்டார். ஆனந்த விகடனில் எழுதிவந்த சுயசரிதை முற்றுப் பெறாமலே 1942 ஏப்ரல் 28இல் திருக்கழுக்குன்றத்தில் காலமானார். அவர் சேர்த்த சுவடிகள் இன்று சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரிலான நூலகத்தில் இருக்கின்றன.

சங்கப் பாட்டு ஒன்றை மொபைலில் படிக்கும்போது ஒரே ஒரு வடிவம்தான் நம் கண்ணில் படுகிறது. அவர் பதிப்பை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் மற்ற வெர்ஷன்களும் காத்திருக்கும்.