சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர்

கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் எட்டயபுரம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் எல்லாருக்கும் பாரதியார் ஞாபகம்தான் வரும். ஆனால், பாரதியார் பிறப்பதற்கு 240 ஆண்டுகளுக்கு முன்பே, 1642-ல், இன்னொரு பெரும் புலவர் பிறந்தார். எட்டயபுரம்தான் அவரையும் வளர்த்தது. அவர்தான் உமறுப்புலவர். நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைத் தமிழில் காவியமாகப் பாடியவர்.

உமறுவின் தகப்பனார் வாசனைத் திரவியங்கள் விற்கும் வியாபாரி. பையனுக்கோ வியாபாரத்தில் மனம் செல்லவில்லை. தமிழ் மீதுதான் ஆசை. எட்டயபுரம் அரண்மனைப் புலவராக இருந்த கடிகை முத்துப் புலவர் அவனைச் சீடனாகச் சேர்த்துக்கொண்டார். குரு இந்து, சீடன் முஸ்லிம். பாடம் நடப்பதற்கு அது ஒரு தடையாகவே இல்லை.

16 வயதில் வாது

வடக்கே இருந்து வாலை வாரிதி என்ற வித்துவான் வந்தாராம். ஊர் ஊராகப் போய்ப் புலவர்களை வாதுக்கு இழுத்து, தோற்கடித்து வந்தவர் அவர். எட்டயபுரத்துக்கும் வந்து கடிகை முத்துப் புலவரை அழைத்தார். குரு தயங்கினார். குருவுக்குப் பதிலாக உமறு போய் நின்றார். அப்போது அவருக்கு வயது 16. வந்தவர் தோற்றுப் போனார் என்று சொல்வார்கள். பிறகு உமறுவே அரண்மனைப் புலவர் ஆனார்.

கீழக்கரையில் சீதக்காதி என்ற வள்ளல் இருந்தார். கப்பல் வணிகர். ராமாயணமும் பாரதமும் தமிழில் இருப்பதுபோல் நபிகள் வரலாறும் தமிழில் காவியமாக வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த வேலையை உமறுவிடம் ஒப்படைத்தார்.

ஆனால் ஒரு சங்கடம். உமறு தமிழ்க் கடல். நபிகளின் வரலாறோ அரபு நூல்களில் இருந்தது. அதை எடுத்துச் சொல்ல ஒரு மார்க்க அறிஞர் வேண்டும். மகான் சதக்கத்துல்லா அப்பாவிடம் போனார். புலவர் உடுத்தியிருந்த கோலத்தைப் பார்த்து, சொல்ல முடியாது என்று அவர் மறுத்துவிட்டார் என்பது செவிவழிச் செய்தி. உமறு துடித்துப் போனார். அழுதார், பாடினார். இரவில் நபிகளைக் கனவில் கண்டார் என்றும், அதன் பின் அப்பாவின் மனம் இளகியது என்றும் சொல்கிறார்கள். கனவு எப்படியோ, கதவு திறந்தது. பரங்கிப்பேட்டை சென்று வரலாற்றைப் பாடம் கேட்டார். எழுதத் தொடங்கினார்.

வள்ளல் மறைந்தார்

காவியம் முடிவதற்குள் சீதக்காதி இறந்துவிட்டார். கை கொடுத்தவர் போனதும் வேலை தடுமாறியது. பரங்கிப்பேட்டை வள்ளல் அபுல் காசிம் முன்வந்து ஆதரித்தார். அந்த நன்றியை மறக்காமல், காவியத்தில் பல இடங்களில் அவர் பெயரை வைத்துப் பாடியிருக்கிறார் புலவர்.

சீறா என்பது அரபுச் சொல். வாழ்க்கை வரலாறு என்று பொருள். சீறாப்புராணத்தில் 3 காண்டங்கள், 92 படலங்கள், 5,027 பாடல்கள். கம்பர் வழியிலேயே நாட்டுப் படலம், நகரப் படலம் எல்லாம் உண்டு. இதில் ஒரு வேடிக்கை. பாடியவர் வானம் பார்த்த கரிசல் பூமிக்காரர். பாடப்பட்டதோ அரபுப் பாலைவனம். ஆனால் காவியத்தில் மலையில் மழை கொட்டுகிறது, வெள்ளம் பாய்கிறது, வயலில் நாற்று நடுகிறார்கள்! தமிழனுக்கு நாடு என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

கிரேக்க நாட்டிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. அங்கே பிள்ளைகள் ஹோமரின் காவியங்களைப் படித்துத்தான் எழுத்தும் கற்றார்கள், தங்கள் தெய்வங்களையும் வீரர்களையும் தெரிந்துகொண்டார்கள்.

மானின் கதை

சீறாவில் எல்லாருக்கும் பிடித்தது மானின் கதை. வேடன் ஒருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டிவிட்டான். பசியோடு காத்திருக்கும் குட்டியை நினைத்து மான் கலங்குகிறது. அங்கே வந்த நபிகளிடம் முறையிடுகிறது. பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்கிறது. நபிகள் அதற்குப் பிணை நிற்கிறார். காட்டுக்குப் போன மான் எங்கே திரும்பும் என்று வேடன் சிரிக்கிறான். ஆனால் மான் வந்தது. தனியாக அல்ல, குட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தது! வேடன் நபிகளின் காலில் விழுந்தான். மானுக்கு விடுதலை கிடைத்தது. தாயும் குட்டியுமாகத் துள்ளிக்கொண்டு காட்டுக்குள் ஓடின.

நபிகளின் வாழ்க்கை முழுவதையும் பாடி முடிக்கப் புலவருக்கு ஆயுள் போதவில்லை. 1703-ல் எட்டயபுரத்தில் காலமானார். மிச்சக் கதையைப் பனீ அகமது மரைக்காயர் என்பவர் சின்னச் சீறா என்ற பெயரில் பாடினார். சீறாப்புராணம் வெகு காலம் ஏட்டுச் சுவடியாகவே இருந்து, 1842-ல்தான் அச்சேறியது. புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் இருக்கிறது. அவர் நினைவாகத் தமிழக அரசு 2007-ல் அங்கே ஒரு மணிமண்டபம் திறந்தது.