காட்டிற்குள் சென்ற குருவானவர்



மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலே பல்லேகம என்னும் ஊர் உள்ளது. களுகங்கை நீர்த்தேக்கத்திற்காகப் பழைய நகரம் நீருள் மறைய, புதிய நகரம் எழுந்தது. அங்கே வாய்ப்புற்று முற்றிய ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். இனிக் குணப்படுத்த வழியில்லை என்று தூரத்து மருத்துவமனை வீட்டிற்கு அனுப்பிவிட்டது. அன்று தொடங்கி அவரைப் பார்ப்பவர் யார்? இவ்வினாவோடுதான் புனித யோசேவாஸ் அடிகளாரின் வாழ்வை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனவுலிமில் பிறந்தவர் அவர். 1676இல் குருத்துவ அருட்பொழிவு பெற்றார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த இலங்கைக்கு 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தை அடைந்ததும் கடும் வயிற்றுளைவு அவரை வீழ்த்தியது. தொற்றுக்கு அஞ்சியோர் அவரையும் துணைவர் யோவானையும் ஊருக்கு வெளியே ஒதுக்கினர். இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்த கஞ்சியே இருவரையும் பிழைக்க வைத்ததென்பர். கைவிடப்பட்ட நோயாளியின் மனத்தை அடிகளார் நூல்களில் கற்கவில்லை என்பதை நீங்கள் மறந்துவிடலாகாது.

1692இல் கண்டி சென்ற அவர், பறங்கியரின் ஒற்றன் என்ற ஐயத்தால் சிறைப்பட்டார். அவர் செபித்து மழை பெய்த 1696ஆம் ஆண்டின் நிகழ்ச்சியையே நம் மேடைகள் பெரிதும் பேசுகின்றன. எனக்கோ, அடுத்த ஆண்டு நடந்ததே பெரிதாகத் தோன்றுகிறது.

1697இல் கண்டியிலே பெரியம்மை பரவியது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரைவிட்டு நீங்கினான். நோயுற்றோரைச் சொந்த உறவினரே காட்டிற்கு அனுப்பினர். அடிகளார் அவர்களைத் தேடிக் காட்டிற்குள் சென்றார், குடிசைகள் அமைத்தார், உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். கத்தோலிக்கர், பௌத்தர் என்ற வேறுபாடு அவரிடம் இருக்கவில்லை. பெரியம்மையைக் குணமாக்கும் மருந்து அன்று எவரிடமும் இல்லை. குணமாக்க இயலாதபோதும் செய்வதற்கு எவ்வளவோ உண்டென்று அவர் அறிந்திருந்தார்.

இன்று வலிதணிப்புப் பராமரிப்பு என மருத்துவர்கள் அழைப்பதும் இதுவேயன்றோ? அடிப்படை மருத்துவச் சேவையிலேயே அதனைச் சேர்க்கும்படி 2014இல் உலக சுகாதார மன்றம் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நம் நாடும் 2019 முதல் 2023 வரையான தேசியத் திட்டமொன்றை வகுத்தது. எனினும் பல்லேகம போன்ற ஊரில் அது ஊர் வைத்தியர் வழியாகவே வீட்டு வாசலை அடைய முடியும். வாய்வழி மோர்பினை உரிய அளவில், உரிய நேரத்தில் தொடர்ந்து கொடுக்கவும், அதனால் உண்டாகும் மலச்சிக்கலை முன்னரே தடுக்கவும், புண்ணின் நாற்றத்தை அடக்கவும், மனைவி மக்களிடம் உண்மையைப் பக்குவமாகச் சொல்லவும் அவர் பயிற்சி பெற வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

வலியைச் சிலுவையாக ஒப்புக்கொடுக்கட்டும் என்று மோர்பினை மறுக்கும் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். பூசுதலுக்கான எண்ணெயோடு சென்றபோது, வேதனையால் செபத்திற்கே செவிகொடுக்க இயலாதவர்களையும் கண்டிருக்கிறேன். வலியை நீக்க இத்தகைய மருந்தைப் பயன்படுத்துவது தகும் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே மருத்துவர்களுக்குத் தெளிவுபடுத்திவிட்டார். உங்கள் இல்லத்தில் அத்தகைய நோயாளர் இருப்பின், வைத்தியரிடம் இதனைத் தயங்காது கேளுங்கள்.

அடிகளாரின் சேவையைக் கண்ட அரசன் அவருக்கு மறைப்பணியாற்றும் உரிமையை அளித்தான். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். 2015இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். எத்தனையோ பேரைக் கண்டி மண்ணில் அடக்கம் செய்த அவருடைய கல்லறை இருந்த இடமோ காலப்போக்கில் மறைந்துபோயிற்று.